சந்தூக்கின் முன் விட்ட தரகு

கொட்டகை வாசலில் நின்றபடியே கடிதத்தைப் பிரித்த சத்தார்குல், முதல் வரியில் தன் பெயரையும் அதன்கீழே மாண்டுபோன ஒருவரின் பெயரையும் கண்டான். இருப்பவன் பெயரும் இல்லாதவர் பெயரும் ஒரே தாளில் அண்டையண்டையாய் நிற்பது நல்லதற்கன்று என்று அவன் நெஞ்சு சொல்லிற்று. உள்ளே பெண்கள் பழைய மகசூலின் கடைசி மூட்டைகளில் இருந்த அக்ரூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிறு சுத்தியல்களின் ஓசை தகரக் கூரைமேல் விழும் தூறலைப்போல் இடையறாமல் கேட்டது. அவ்வோசை கேட்கும்வரை தான் ஒரு வணிகன் என்பது அவன் துணிபு. அது ஒருநாள் நின்றுபோகவும் கூடும் என்னும் அச்சம் அன்றுதான் முதன்முதலாக அவனுள் புகுந்தது.

கடிதம் சுருக்கமானது. சென்ற ஆண்டு வருமானத்தினின்று 'திரும்பி வராத தரகு' என்று ஒரு பெருந்தொகையைத் தாங்கள் கழித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதனைப் பெற்றவர் தோக்தோசுன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இனித் திரும்பாது என்பதற்குரிய சான்றுகளுடன் வரும் வியாழன்று வரி அலுவலகத்துக்கு நேரில் வருக. அடியில் ஷாயிர் என்னும் ஆய்வாளரின் கையொப்பம்.

அக்ரூட் வாங்குவோர் எவருக்கும் தரகர் இல்லாமல் தொழில் இல்லை. மலைக்காட்டில் ஒவ்வொரு குடும்பமும் சில மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கும். காய் முற்றும் முன்னரே தரகர் வீடு வீடாக ஏறி இறங்கி, வாங்குபவன் கையையும் விற்பவன் கையையும் பிடித்துச் சேர்த்து, விலை படியும்வரை மேலும் கீழுமாகக் குலுக்குவார். கை கூடியதும் தரகு அங்கேயே கைமாறிவிட வேண்டும். தோக்தோசுன் அவ்வகையில் பெயர்பெற்றவர். அவர் குலுக்கினால் தோள்பட்டை கழன்றாலும் பேரம் கழலாது என்று சந்தையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். காய் வராத ஆண்டில் தரகைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தவள் சத்தார்குலின் கணக்கர் ரஃபீகா. அதைப் படித்துவிட்டுத் தோக்தோசுன் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார்.

சென்ற ஆண்டு வசந்தத்தில் பூ விரிந்தபின் உறைபனி இறங்கி மரங்களைக் கருக்கிற்று. காடு முழுவதிலும் காய் இல்லை. ஆனால் முந்திய இலையுதிர் காலத்திலேயே, வரும் மகசூலுக்கும் சேர்த்துக் கை கூட்டித் தரகு முழுவதும் கொடுபட்டிருந்தது. அப்பணம் தோக்தோசுனின் சிறுநீரக நோய்க்கு மருந்தாகவும் மருத்துவராகவும் மாறிக் கரைந்திருந்தது. குளிர்காலம் பிறந்ததும் அவரும் கரைந்தார்.

அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகைக்கு வந்தவர்கள் பனியில் வரிசை வரிசையாக நின்றதும், முன்னே உடலை ஏந்திய சந்தூக்கு வைக்கப்பட்டதும், மாண்டவரின் தம்பி முன்வந்து வழக்கப்படி கேட்டதும் சத்தார்குலின் கண்முன்னே இன்றும் நின்றன. என் அண்ணன் யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் தீர்க்கிறேன் என்று அந்தத் தம்பி சொன்னான். அவன் ஒரு கூலி மேய்ப்பன். காலணியின் பிளவில் பனி புகுந்திருந்தது. நின்றவர் அனைவருக்கும் கடன் எது, கடன் கொடுத்தவன் யார் என்பது தெரியும். முன்வரிசையில் நின்ற சத்தார்குல் சொன்னான்:

"எனக்கு வரவேண்டியதை நான் விட்டுட்டேன். அவருக்கு என் பக்கத்துல ஒரு பாக்கியும் இல்ல. அல்லாதான் சாட்சி."

கூட்டம் முழுவதும் கைகளை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் அவன் உள்ளம், சுமை இறக்கிய கழுதையைப் போல, தன் எடையே தெரியாமல் நின்றது.

குளிர் தணிந்து ஆண்டுக் கணக்குக் கொடுக்கும் நாள் வந்தபோது ரஃபீகா வழக்கம்போல் கேள்விகளை அடுக்கினாள். தரகுப் பணம் திரும்பி வந்ததா? வரவில்லை. வாங்கியவர் எங்கே? இறந்துவிட்டார். ஏதாவது சொத்து? ஒன்றுமில்லை. மூன்று விடையும் மெய். அவள் தொகையைத் திரும்பி வராதவற்றின் கீழ் எழுதினாள், வரி குறைந்தது, அவன் ஒப்பமிட்டான். சந்தூக்கின் முன் சொன்ன சொல் இறைவனுக்குச் சொன்னது. கணக்கில் எழுதிய சொல் அரசுக்குச் சொன்னது. இரண்டும் அவன் உள்ளத்தில் இரண்டு அறைகளில் இருந்தன. இடையே ஒரு கதவு இருக்கக்கூடும் என்று அவன் எண்ணியதே இல்லை.

இப்போது அந்தக் கதவைத்தான் யாரோ தட்டினார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே ரஃபீகாவிடம் போனான். அவள் தாத்தாரிய இனத்துப் பெண். ஊரில் பாதிக் கடைகளின் வரவு செலவு அவள் விரல்நுனியில் இருந்தது. வயதில் மூத்தவள் என்பதால் அவன் அக்கா என்பான். அவளோ எவரையும் பள்ளிப்பிள்ளையாகவே நடத்துவாள். கடிதத்தை ஒரு பார்வையில் முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுக்கா மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு? உக்காரு. வரி ஆபீசுக்கு மூணு வார்த்தைதான் தெரியும். இன்னும் வரவேண்டியது, வராமப் போனது, நீயா விட்டது. இன்னும் வரவேண்டியதைக் கழிக்க முடியாது, பொறுத்திருக்கணும். வராமப் போனதைக் கழிக்கலாம், கேட்டும் கிடைக்கலைன்னு காட்டணும். நீயா விட்டதுன்னா அது தானம். தானத்தைக் கழிச்சுக் காட்டினா வரியும் கட்டணும், அபராதமும் கட்டணும். நீ எந்த வார்த்தை?"

சத்தார்குல் மேசைமேலிருந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்துக்கொண்டே, இரண்டாவது என்றான்.

"நல்லவேளை. நீ வாயால விட்டுட்டேன்னு எங்கயாவது சொல்லியிருந்தா உனக்கு மட்டுமில்ல வினை. விட்ட கடன் வாங்கினவனுக்கு வருமானம். அந்த விதவையையும் கூப்பிட்டு உனக்கு வருமானம் வந்திருக்கு, வரி கட்டுன்னு உக்கார வைப்பாங்க."

பிறகு அவள் வேலையில் இறங்கினாள். வாரிசிடம் கேட்டதற்குச் சான்று வேண்டும். தோக்தோசுனின் மனைவி சூரகான் பெயருக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அடித்தாள். 'உங்கள் கணவர் திருப்பித் தரவேண்டிய தரகைத் தருக' என்பது மேற்பாதி. 'தர என்னிடம் எதுவுமில்லை' என்று அவள் கையொப்பமிடுவதற்கு இடம் கீழ்ப்பாதி. ஒரு கையெழுத்துதான், அவளுக்கு எந்த நட்டமும் இல்லை என்று ரஃபீகா உறுதி கூறினாள். சொத்து விவரம் கேட்க விதவையைத் தானே தொலைபேசியில் அழைப்பதாகவும் சொன்னாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்று அவன் தலையாட்டினான்.

வெளியே வந்தவன் வண்டியிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். கொட்டகை வங்கியில் அடகில் இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வரிப் பாக்கி இல்லை என்னும் சான்றைக் காட்டினால் வங்கி புதிய கடன் தரும். அதைக்கொண்டு பழையதை அடைத்து எஞ்சியதில் காய் வாங்குவான். இவ்வாண்டு மரங்கள் குலைகுலையாய்க் காய்த்திருந்தன. சான்று கிடைக்காவிட்டால் புதிய கடன் இல்லை. புதியது இல்லாவிட்டால் பழையது கொட்டகையை விழுங்கிவிடும். உண்மையைச் சொன்னால் கொட்டகையும் போகும், விதவையின் தலையில் வரியும் விழும். பொய்யைச் சொன்னாலோ, அந்தப் பொய்யை அறிந்தவர்கள் ஓர் ஊர் முழுவதும் இருந்தார்கள்.

பொய்க்கு மனிதர் மட்டும் சாட்சி அல்லர் என்பது வீட்டுக்குப் போனபின் நினைவுக்கு வந்தது. அன்றைய தொழுகையை எவனோ கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். ஊர் அரட்டைக் குழுவில் பின்னோக்கித் தேடித் தேடி அதைக் கண்டான். பனி, கம்பளிக் குல்லாய்கள், சந்தூக்கின் மேற்போர்வை. அவற்றினிடையே தன் குரல், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல்: நான் விட்டுட்டேன். அதன்கீழே மக்கள் இட்ட கைகூப்பும் அடையாளங்கள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றும் தன்னை நோக்கி நீண்ட விரலாக அவனுக்குத் தோன்றிற்று.

படத்தைப் போட்டவன் கச்கின்பாய். சக்கரத்தில் ஓட்டை அடைக்கும் கடை வைத்திருப்பவன், மாண்டவருக்குத் தூரத்து உறவு. சத்தார்குல் அவன் கடைக்குப் போய், பழுதில்லாத ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் மார்க்கத்தை இழுத்தான். மாண்டவரின் மையித்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது தகாது, மார்க்கம் கற்ற ஆலிம்கள் கண்டிக்கிறார்கள், அழித்துவிடுவது நன்மை என்றான்.

கச்கின்பாய் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் உருட்டிக்கொண்டே சிரித்தான். "அண்ணே, நீங்க பேசினது எல்லாரையும் அழ வச்சிருச்சு. நான் போய் அழிப்பேனா? பக்கத்து ஊர்க் குழுவுக்கும் அனுப்பியிருக்கேன். பட்டணத்துல இருக்கற என் மச்சான் பாத்துட்டு, இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஆளான்னு கேட்டான்."

அந்த மச்சானுக்கு என்ன வேலை என்று சத்தார்குல் கேட்டான். ஏதோ அரசாங்க உத்தியோகம் என்ற விடை வந்தது. எந்தத் துறை என்று கேட்க அவனுக்குத் துணிவு எழவில்லை. சக்கரத்தில் ஓட்டையே இல்லையே என்று கச்கின்பாய் வியந்தபோது, கூலியை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அன்றுமுதல் அச்சம் அவனோடு ஒரே தட்டில் உண்டது. கைப்பேசி அதிர்ந்தால் அதைக் கவிழ்த்து வைத்தான். கொட்டகைக்கு எதிரே அறியாத ஊர்தி நின்றால், அதிலிருப்பவர் பருப்பு வாங்க வந்தவர்தாம் என்று அறியும்வரை கதவிடுக்கில் நின்று பார்த்தான். சந்தையில் ஒருவர் அவன் தோளைத் தட்டி, பெரிய மனசு என்று பாராட்டியபோது, உரக்கப் பேசாதீர் என்று கெஞ்சத் தோன்றிற்று. பள்ளிவாசலில் தலை நிலத்தைத் தொடும்போதும் உள்ளம் தொடவில்லை. இறைவனிடம் எதைக் கேட்பது? சொன்ன சொல்லைச் சொல்லாததாக்கு என்றா? மடியில் கனம் உள்ளவனுக்கு வழியில் பயம் என்பார்கள். அவன் மடியில் இருந்தது பணம் அன்று, தானே விரும்பிக் கொடுத்துவிட்ட ஒன்று. கொடுத்ததற்குமா பயம்?

மனைவி புருல் சில நாள் பார்த்திருந்துவிட்டு, தட்டில் சோறு ஆறுவதைச் சுட்டிக் கேட்டாள்; அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தொழுகை வரிசையில் ஆண்கள் பேசியதை அவள் முன்பே அறிவாள். கணக்கில் எழுதியதைத்தான் அறியாள்.

"அப்போ அல்லாகிட்ட ஒரு கணக்கு, சர்க்காருகிட்ட ஒரு கணக்கா?" என்றாள். "நல்ல யாவாரி நீங்க. ஒரே மூட்டையை ரெண்டு பேருக்கு வித்திருக்கீங்க."

அவள் குரலைத் தாழ்த்தி, விதவையின் கையெழுத்து இல்லாமல் தப்ப வழி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றான். கேட்டுப் பார்த்தால் என்ன, ஒரு கையெழுத்துத்தானே என்று அவளே சமாதானமும் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

புதனன்று கோரிக்கைக் கடிதத்தை மேலங்கியின் உட்பையில் வைத்துக்கொண்டு சூரகான் வீட்டுக்குப் போனான். கணவர் இருந்த நாளில் அந்த வீட்டு வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளிருந்து கேலி புறப்படும். கொழுந்தனார் வந்துட்டார், கைய ஒளிச்சு வைங்க, குலுக்கியே கொன்னுடுவாங்க என்பாள். அன்று கேலி இல்லை. துக்க ஆடையில் இருந்தவள் அவனைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாங்க தம்பி என்றாள், விரிப்பை விரித்தாள், ரொட்டியைப் பிய்த்து வைத்தாள்.

தேநீர் ஊற்றும்போதுதான் அவன் கவனித்தான். விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடிப்பாகம் மறையுமளவே ஊற்றி, திரும்பத் திரும்ப ஊற்றுவது அவர்கள் வழக்கம். விளிம்புவரை நிரப்புவது எழுந்து போ என்பதற்கு ஒப்பு. சூரகானின் கையிலிருந்த தேநீர்க் கூசாவின் மூக்கு கிண்ணத்தில் மோதிக் கிணுகிணுத்தது. தேநீர் விளிம்பைக் கடந்து விரிப்பில் பரவிற்று. அவள் அதை அறியவே இல்லை. வரவேற்கவும் அஞ்சி, வெளியேற்றவும் அஞ்சி, அவள் கண்கள் அவன் மேலங்கியின் மார்புப் பகுதியில் நிலைத்திருந்தன.

ரஃபீகா தொலைபேசியில் அழைத்திருந்தாள். வீடு யார் பெயரில், மாடு எத்தனை, கணவர் எதையாவது விட்டுப்போனாரா என்று கேட்டிருந்தாள். சூரகான் அதைச் சொன்னபோது குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே அவனைச் சுட்டது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, கறவை ஒன்று உண்டு, காதணிகளைக் கழற்றி முடிந்து வைத்திருக்கிறேன் என்று, வினா எழுமுன்னரே விடைகளைக் கூறினாள். அதன்பின் நெடுநாள் சேர்த்துவைத்ததை எடுத்து வைப்பதுபோல் மெல்லக் கேட்டாள்:

"தம்பி, மாடு போனாப் போகட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு சந்தூக்கு முன்னாடி சொன்னதை நீங்க திரும்ப வாங்கிக்கிட்டா, அங்க அவருக்கு என்ன ஆகும்? விட்டாச்சுன்னு கேட்டுக்கிட்டுத்தானே அவரு மண்ணுக்குப் போனாரு. மறுபடியும் பிடிச்சு நிறுத்துவாங்களா?"

சத்தார்குலின் கை உட்பையை நோக்கிப் பாதி வழி சென்றிருந்தது. அங்கேயே நின்றது. வரி அலுவலகமும் வங்கியும் சக்கரக் கடைக்காரனின் மச்சானும் அவனை அச்சுறுத்தியவர்கள். ஆனால் இந்த அறையில் அச்சுறுத்துபவன் தானே என்பதை அவன் கண்டான். தன் அச்சம் ஒரு கொட்டகையின் அளவு. இவள் அச்சத்துக்கோ கூரையும் இல்லை, சுவரும் இல்லை.

"நான் தேத்தண்ணி குடிக்கத்தான் வந்தேன், அண்ணி," என்றான். "வழியாப் போனேன், அவ்வளவுதான். சொன்னது சொன்னதுதான். மாட்டை நல்லாப் பாத்துக்குங்க."

விளிம்புவரை நிறைந்த கிண்ணத்தை இரு கையாலும் எடுத்து முழுவதும் குடித்தான். அது அவன் நாவைச் சுட்டது.

மறுநாள் காலை ரஃபீகாவிடம் போகாமல் நேரே வரி அலுவலகத்துக்குப் போனான். புருல்தான் சரக்கு வண்டியை ஓட்டினாள். தானும் வருவேன் என்று அவளே திறவுகோலை எடுத்துக்கொண்டாள். நடைக்கூடத்து நாற்காலியில் காத்திருக்கையில் அவனுக்குள் ஓர் எளிய கணக்கு ஓடிற்று. உண்மையைச் சொல்வது; தன் வரியோடு விதவைமேல் விழும் வரியையும் தன் பெயரிலேயே எழுதிக்கொள்ளுமாறு கேட்பது; கொட்டகை போகட்டும். முடிவு செய்தபின் அச்சம் அகலும் என்று பெரியோர் சொல்வதுண்டு. அவனுக்கு அகலவில்லை. அழைப்பு வந்ததும் அதையும் உடன் அழைத்துக்கொண்டே உள்ளே போனான்.

ஷாயிர் என்பவள் நாற்பதை எட்டாத பெண். காது மறைய வெட்டிய முடி. மேசைமேல் பாதி தின்ற ஆப்பிள். ஒப்பந்தத்தையும் இறப்புச் சான்றையும் புரட்டிவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வாரிசிடம் கேட்டதற்கு ஒரு தாள் மட்டும் குறைகிறது, இருந்தால் தந்துவிட்டுப் போகலாம் என்றாள். ஊரில் எவரும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் பேச்சிலேயே விளங்கிற்று. படத்தையும் அவள் பார்த்திருக்கவில்லை. ஒரே ஒரு தாள். மேலங்கியில் அது இருந்தது. கீழ்ப்பாதியில் ஒரு கிறுக்கல் போட்டிருந்தால் போதும்.

அவன் நேரே சொல்லத் துணியாமல் சுற்றி வந்தான்.

"மேடம், ஒருத்தர் அந்தக் கடனை வாயால விட்டுட்டார்னு வச்சுக்குங்க. அப்போ அந்தம்மா மேல வரி விழுமா?"

ஷாயிர் ஆப்பிளை எடுத்தவள் கடிக்காமல் வைத்தாள். "அந்த ஒருத்தர் நீங்களா?"

"நான்தான்."

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"இல்ல. ஜனாஸாவில. எல்லாரும் நிக்கும்போது சொன்னேன். அதுக்கப்புறந்தான் கணக்கில எழுதினேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிக்கும்னு எனக்குத் தோணலை. அந்தம்மா மேல வர்றதையும் என் பேர்லயே எழுதிடுங்க, மேடம். அவங்ககிட்ட ஒரு மாடுதான் இருக்கு."

அவள் அவனை நோக்கினாள். அந்த நோக்கில் இரக்கமா ஐயமா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. பின்பு அவள் கேட்டது அவன் எதிர்பாராதது.

"நீங்க சொன்னது அவர் இறந்த பிறகுதானே?"

"சந்தூக்கு முன்னாடிதான் மேடம் இருந்தது."

"அப்போ அது அவரோட வருமானம் இல்ல. செத்தவர் சம்பாதிக்கிறதில்ல. அந்தம்மா ஒப்பந்தத்தில கையெழுத்துப் போடலை, சொத்தும் வாங்கலை. அவங்களுக்கு இதில ஒண்ணுமில்ல." அவள் பேனாவை எடுத்தாள். "உங்களுக்குத்தான் இருக்கு."

அவன் காதில் முதற்பாதி மட்டுமே விழுந்தது. விதவை வீட்டுக் கறவை, முடிந்து வைத்த காதணி எல்லாம் அவன் கண்முன் அதனதன் இடத்தில் போய் நின்றன. மறுபாதியை அவள் மீண்டும் கூற வேண்டியதாயிற்று. கழித்துக் காட்டியது செல்லாது. வரியை முழுமையாகச் செலுத்த வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டு. தானே முன்வந்து கணக்கைத் திருத்தித் தந்தால் அபராதத்தில் ஒரு பகுதி குறையும். எல்லாம் கட்டி முடித்த பிறகே பாக்கி இல்லை என்னும் சான்று.

திருத்தக் கணக்கை அங்கேயே நிரப்பினான். காரணம் என்னும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். நடந்ததை எழுதுங்கள் என்றாள். 'கடனை நானே விட்டேன்' என்று எழுதினான். எழுத்து நேராக நிற்கவில்லை. ஒப்பமிட்டு நீட்டியபோது அவள் தாளை வாங்காமல் கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி எத்தனை ஜனாஸாவில இப்படிச் சொல்லியிருக்கீங்க?"

வணிகனாக நின்ற தொழுகைகள் எல்லாம் நினைவில் திரண்டன. உப்புக்காரர், கழுதை ஓட்டி, மேற்கு மலையின் குத்தகைக் கிழவர் எனச் சிறு சிறு தொகைகளுக்காகச் சிறு சிறு சொற்களை உதிர்த்திருந்தான். அவற்றுள் எதையாவது ரஃபீகா கழித்தாளா? அறியான். அறியேன் என்றே சொன்னான்.

"பாத்துச் சொல்லுங்க. இருந்தா நீங்களே கொண்டு வாங்க, நான் தேடி வர்றதுக்கு முன்னாடி." அவள் தாளை வாங்கி முத்திரை குத்தினாள். "விடவேண்டாம்னு நான் சொல்லலை. விட்டா அன்னிக்கே உங்க கணக்கருக்கும் சொல்லிடுங்க."

வெளியே வெயிலில் கண் கூசிற்று. புருல் வண்டியினுள் அமர்ந்து, ஓட்டுச் சக்கரத்தைப் பிடித்தபடி, அவன் முகத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். அவன் ஏறி உட்கார்ந்து தொகையைச் சொன்னான். வட்டியையும் சொன்னான். பழைய ஆண்டுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை இறுதியில் சொன்னான். சூரகானுக்கு ஒன்றும் இல்லையாம் என்றதும் அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

வங்கிக்குப் போக வேண்டிய நாளுக்குள் அத்தொகை எங்கிருந்து வரும் என்று அவன் கேட்கவில்லை. இருவரும் அதன்மேல்தான் அமர்ந்திருந்தார்கள். இந்த வண்டியை விற்றுவிட்டால் காட்டிலிருந்து காயை இறக்க வாடகை வண்டி தேட வேண்டும். பருவத்தில் வாடகை வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் அந்த முத்திரை ஏந்திய கை அடுத்து எந்த ஆண்டைப் புரட்டும் என்பது தெரியாது.

"வண்டி வாங்கறவன் பாலத்துக்கிட்ட இருக்கான்," என்றாள் புருல். "பேசறதை நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க. அங்கயும் போய் எதையாவது விட்டுத் தொலைக்காதீங்க."

அவன் சிரிக்க முயன்றான். அவள் வண்டியைக் கிளப்பினாள். வழியில் கொட்டகையைக் கடக்கும்போது அவன் கண்ணாடியை இறக்கினான். உடைக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பாலம் வரும்வரை அவன் கண்ணாடியை ஏற்றவில்லை.